சிஏஎஸ் லைப்ரரி: டைஜஸ்ட் பொருந்தவில்லை, சில சமயம் மட்டும் (அவசரம்)

#1 அரைத்தூக்கம்
வணக்கம். லைப்ரரிக்குள்ள ஒரு கன்டென்ட் அட்ரஸபிள் ஸ்டோர் (சிஏஎஸ்) எழுதியிருக்கேன். பில்ட் அவுட்புட் ஃபைல்களை அதோட ஹாஷ் (டைஜஸ்ட், உள்ளடக்கத்துலருந்து கணக்கிடுற கைரேகை மாதிரி) பேர்ல போட்டு வைக்கும், ஹாஷ் கொடுத்தா எடுத்துத் தரும். எடுக்கும்போது மறுபடி ஹாஷ் போட்டு ஒப்பிடுறேன். அங்கதான் சில சமயம் "டைஜஸ்ட் பொருந்தவில்லை"ன்னு விழுது. என் மெஷின்ல வரவே இல்ல, சிஐ-ல (தானா பில்ட், டெஸ்ட் ஓட்டுற சர்வர்) மட்டும் வருது. ஷா-256 தான். கோடு ரொம்பச் சின்னது, தப்பு வர இடமே இல்ல. ஹாஷ்லிப்ல ஏதாவது பக் இருக்கா? இன்னைக்கு ரிலீஸ். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

#2 கல்வெட்டு
ஹாஷ்லிப்னு சொன்னதால பைத்தான்னு எடுத்துக்கறேன். அதுல பக் இல்லீங்க. எந்த வெர்ஷன், எந்த ஓஎஸ்? ஸ்டோருக்குள்ள எழுதுறது ஒரு ப்ராசஸா, பலவா? பொருந்தாத ஃபைலோட சைஸ் என்ன, அசல் ஃபைலோட சைஸ் என்ன? இந்த ரெண்டு எண்ணும் வந்தாலே பாதி வேலை முடிஞ்சுடும்.

#3 சன்னல்வாசி
சிஐ விண்டோஸா? அப்படின்னா கண்டிப்பா டெக்ஸ்ட் மோடுதான். பைனரின்னு சொல்லாம திறந்து எழுதினா, ஒவ்வொரு வரி முடிவுக்கும் முன்னாடி ஒரு கேரேஜ் ரிட்டர்ன் சேர்ந்துடும். ஹாஷ் போட்டது ஒண்ணு, டிஸ்க்ல கிடக்கிறது வேற. கிட்ல (கோடு வெர்ஷன்களைச் சேமிக்கிற டூல்) வரி முடிவை மாத்துற ஆட்டோசிஆர்எல்எஃப் ஆன்ல இருந்தா சோர்ஸ் ஃபைலே மாறியிருக்கும்.

#4 அமுக்கி
கம்ப்ரெஸ் பண்றீங்களா? ஜிசிப்பா? ஜிசிப் ஹெட்டர்ல 0-லிருந்து எண்ணினா 4 முதல் 7 வரை உள்ள பைட்டுகள் நேரமுத்திரை. ஒரே டேட்டாவை ஒரு செகண்ட் தள்ளி அமுக்கினாலும் வேற ஹாஷ் வரும். எம்டைமை (அந்த நேரமுத்திரையை) 0-ன்னு கொடுங்க. 10-க்கு 9 தடவை இதுதான்.

#5 பழம்பெருச்சாளி
தம்பி, இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது, மேலே தேடல் பெட்டி ஒன்று இருக்கிறது. கிட் 2005-லிருந்து இதையேதான் செய்கிறது. அதன் சோர்ஸில் ஆப்ஜெக்ட்-ஃபைல் என்ற சி கோப்பைத் திறந்து, ஒரு பொருளை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கவும். பார்த்த பிறகும் புரியாவிட்டால் கேட்கலாம்.

#6 நீரோடை
@பழம்பெருச்சாளி ரிலீஸ் அன்னைக்கு கிட் சோர்ஸ் படிக்கச் சொல்றது உதவியா சார்?

@அரைத்தூக்கம் வர்ற ஹாஷ் ஈ3பி0சி442-ன்னு ஆரம்பிக்குதா பாருங்க. அது ஒரு பைட்டும் இல்லாத உள்ளீட்டுக்கான ஷா-256. அது வந்தா ஸ்ட்ரீமை ஏற்கனவே கடைசிவரை படிச்சுட்டு, தொடக்கத்துக்குத் திருப்பாம ஹாஷ் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

#7 அரைத்தூக்கம்
லினக்ஸ், பைத்தான் 3.11. பைனரி மோடுதான். கம்ப்ரெஷன் இல்ல. ஈ3பி0 இல்ல, ஒவ்வொரு தடவையும் வேற வேற. போடுற ஃபங்ஷன் இவ்வளவுதான்: ஃபைலை முழுசா படிச்சு ஹாஷ் போடும். ஹாஷோட முதல் 2 எழுத்து டைரக்டரி, மிச்ச 62 ஃபைல் பேரு. அந்தப் பேர்ல ஃபைல் ஏற்கனவே இருந்தா ஹாஷை மட்டும் திருப்பித் தரும். இல்லன்னா அதே பேர்ல திறந்து, சோர்ஸை மறுபடி படிச்சு 65536 பைட்டு துண்டு துண்டா எழுதும்.

#8 கல்வெட்டு
சைஸ் கேட்டேனே. எத்தனை ப்ராசஸ்னும் கேட்டேன்.

#9 அரைத்தூக்கம்
மன்னிக்கணும். ஸ்டோர்ல இருக்கிறது 1966080. அசல் 2413907.

#10 கல்வெட்டு
1966080-ஐ 65536-ஆல வகுத்தா மீதியே இல்லாம 30 வருது. 30 துண்டு எழுதியாச்சு, 31-வது எழுதலை. டெக்ஸ்ட் மோடும் இல்ல, ஜிசிப்பும் இல்ல. பாதி எழுதின ஃபைல். எழுதுற ப்ராசஸை நடுவுல யாராவது கொல்றாங்களா? ஸ்டோர் டைரக்டரி அடுத்த ரன்னுக்குப் போகுதா?

#11 அரைத்தூக்கம்
ஆமா, சிஐ-ல 8 வொர்க்கர் ஓடும், அது எல்லா இடத்துலயும் அப்படித்தானேன்னு சொல்லல. டைம்அவுட் ஆனா சிக்கில் (ப்ராசஸை உடனே கொல்ற சிக்னல்) அனுப்பும். ஸ்டோரை அடுத்த ரன்னுக்குக் கேஷ் பண்றோம்.

#12 கல்வெட்டு
அப்போ விஷயம் இதுதான். உங்க கோடு "இந்தப் பேர்ல ஃபைல் இருக்கு"ங்கறதை "இந்த உள்ளடக்கம் முழுசா இருக்கு"ன்னு எடுத்துக்குது. சிஏஎஸ்-ல அந்த ரெண்டும் ஒண்ணா இருந்தே ஆகணும். நேரா கடைசிப் பேர்லயே திறந்து எழுதினா அது உடையுது, அதுவும் மூணு விதமா.

முதல் விதம்: ஏ-ங்கற ப்ராசஸ் எழுதிட்டு இருக்கும்போது பி-ங்கற இன்னொண்ணு வருது, ஃபைல் இருக்குன்னு பார்த்துட்டு ஹாஷைத் திருப்பித் தருது. பி-கிட்ட வாங்கினவர் உடனே படிச்சா பாதிதான் கிடைக்கும். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். "சில சமயம்" இங்கிருந்து வருது. உங்க மெஷின்ல ஒரே ப்ராசஸ் ஓடினா இது வராது.

இரண்டாவது: ஏ-வை டைம்அவுட் கொன்னுடுச்சு. அரைகுறை ஃபைல் அங்கேயே நிக்கும். இனி யார் வந்து போட்டாலும் "ஏற்கனவே இருக்கு"ன்னு விட்டுடுவாங்க, அதனால அது தானா சரியாகவே ஆகாது. உங்க 1966080 இந்த ரகம். கேஷ் அதை ரன்னுக்கு ரன் தூக்கிட்டுப் போகுது.

மூணாவதுதான் மோசம். ஏ-வும் பி-யும் ஒரே நேரத்துல "இல்லை"ன்னு பார்த்துட்டு ரெண்டும் திறக்கும். எழுதத் திறக்கும்போது பி ஃபைலை 0 பைட்டுக்கு வெட்டிடும். ஏ தான் விட்ட இடத்துலருந்து தொடர்ந்து எழுதும், முன்பகுதி முழுக்க சுழியா நிக்கும். பி வந்து நிரப்புற வரைக்கும் சரி. அதுக்குள்ள பி செத்துட்டா? சைஸ் சரியா 2413907 இருக்கும், உள்ள ஒரு பகுதி சுழி. அதனால சைஸை மட்டும் வச்சு சோதிச்சுட்டு நிம்மதியா இருக்க முடியாது.

திருத்தம்: தற்காலிக ஃபைல் ஒண்ணு திறங்க. சோர்ஸைப் படிக்கப் படிக்க ஒரே ஓட்டத்துல ஹாஷையும் சேர்த்துப் போட்டு அதுல எழுதுங்க. இப்போ ரெண்டு தடவை படிக்கிறீங்க, நடுவுல சோர்ஸ் மாறினா ஹாஷ் ஒண்ணு, எழுதினது வேற ஆயிடும். எழுதி முடிச்சதும் ஃப்ளஷ், எஃப்சிங்க் (டிஸ்க்ல நிஜமா எழுதச் சொல்றது), 0444-க்கு (எல்லாருக்கும் படிக்க மட்டும்) சிமாட், அப்புறம் ஓஎஸ் மாட்யூல்ல இருக்கிற ரீப்ளேஸால கடைசிப் பேருக்கு மாத்துங்க. ரெண்டு பேர் ஒரே நேரத்துல மாத்தினாலும் உள்ளடக்கம் ஒண்ணேதான், யார் ஜெயிச்சாலும் நஷ்டமில்ல. பூட்டே வேண்டாம்.

#13 சன்னல்வாசி
ரீப்ளேஸ் எதுக்கு? எக்ஸ் மோடுல திறந்தா ஒருத்தர்தானே உருவாக்க முடியும்? எளிமையா முடிஞ்சுடுமே.

#14 கல்வெட்டு
அது மூணாவது விதத்தை மட்டும் தடுக்கும். பாதி ஃபைல் கடைசிப் பேர்ல தெரியறது அப்படியேதான் இருக்கும், செத்த ப்ராசஸ் விட்டுப் போன மிச்சமும் அப்படியேதான் இருக்கும்.

விண்டோஸ்லயும் இந்த லைப்ரரி ஓடணும்னா ஒண்ணு கவனிங்க: அங்க வேற ஒருத்தர் அந்த ஃபைலைத் திறந்து வச்சிருந்தா ரீப்ளேஸ் பர்மிஷன் எர்ரர் கொடுக்கும். அதைப் பிடிச்சு, கடைசிப் பேர்ல உள்ள ஃபைலோட ஹாஷ் சரியா இருந்தா, தற்காலிக ஃபைலை அழிச்சுட்டு வெற்றின்னே திருப்பலாம்.

#15 அமுக்கி
எல்லாம் சரி, கம்ப்ரெஷன் இல்லாம பில்ட் ஸ்டோரா? டிஸ்க் என்ன சும்மா வருதா? போடுறப்போ கவனம், ஹாஷை அமுக்கின பைட்டு மேலதான் போடணும். அப்பதான் விரிக்காமலேயே சோதிக்க முடியும்.

#16 பழம்பெருச்சாளி
தவறு. ஹாஷ் மூல பைட்டுகள் மீதுதான் இருக்க வேண்டும். கிட் அப்படித்தான் செய்கிறது: வகை, நீளம், ஒரு சுழி பைட், பிறகு உள்ளடக்கம். இவற்றின் மீது ஹாஷ், அதன் பின்னரே சிலிப் (zlib) அமுக்கல். நாளை சிலிப்பை விட்டு இசட்ஸ்டாண்டர்டு என்ற வேறு அமுக்கல் முறைக்கு மாறினாலும் முகவரி மாறாது. அமுக்கிய பைட்டின் மீது போட்டால் கம்ப்ரெஸரின் அடுத்த வெர்ஷன் வந்ததும் ஒரே கோப்புக்கு இரண்டு முகவரி.

#17 அமுக்கி
கன்டெய்னர் இமேஜ்ல லேயர் டைஜஸ்ட் அமுக்கின பைட்டு மேலதானே இருக்கு சார்? நம்பிக்கையில்லாத இடத்துலருந்து வர்றதை முதல்ல விரிச்சுட்டு அப்புறம் சோதிப்பீங்களா? சில எம்பி அனுப்பி சில ஜிபியா விரிய வைக்க முடியும்.

#18 நீரோடை
அங்க ரெண்டுமே இருக்குங்க. லேயர் டைஜஸ்ட் நெட்வொர்க்குல வர்ற பைட்டுக்கு, டிஃப் ஐடி விரிச்ச டார் ஃபைலுக்கு. அமுக்கின பைட்டை நிரந்தர அடையாளமா நம்பினா என்ன ஆகும்ங்கறதுக்கு 2023 ஜனவரி சாட்சி. கிட்டோட ஆர்கைவ் கமாண்ட் வெளி ஜிசிப்பை விட்டு உள்ளேயே அமுக்க மாறினதும் கிட்ஹப் டார்பால்களோட செக்சம் மாறி ஏகப்பட்ட பில்ட் உடைஞ்சுது, அப்புறம் பின்வாங்கினாங்க. உள்ள இருந்த ஃபைல்ல ஒரு பைட்டுகூட மாறல.

#19 அமுக்கி
கிட் கிட்னு கிட்டையே பிடிச்சுத் தொங்கறாரேன்னு சொல்றேன். அதுவே இன்னும் பெரும்பாலும் ஷா-1-ங்கற பழைய ஹாஷ். 2017 பிப்ரவரில கூகுளும் ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐ-யும் ஒரே ஷா-1 உள்ள ரெண்டு பிடிஎஃப் வெளியிட்டாச்சு.

#20 பழம்பெருச்சாளி
அந்த இரண்டு பிடிஎஃப்-களும் கிட்டில் மோதாது. முன்னால் தலைப்பு சேர்வதால் ஹாஷ் வேறாகிவிடும். தவிர, கிட் 2.13 முதல் மோதலைக் கண்டுபிடிக்கும் ஷா-1-ஐத்தான் பயன்படுத்துகிறது. மாட்டிக்கொண்டது கிட் போன்ற இன்னொரு டூலான சப்வெர்ஷன். ஒரே ஷா-1 என்றால் ஒரே பொருள் என்று சேமித்ததால், அந்த பிடிஎஃப்-களை உள்ளே போட்ட வெப்கிட் ரிபாசிட்டரியே நின்றது. புதிதாக எழுதுவோருக்கு ஷா-256 இருக்க இந்தப் பேச்சே வேண்டாம். முகவரியின் முன்னால் அல்காரிதத்தின் பெயரை இப்போதே சேர்த்து வைத்தால் போதும்.

#21 அரைத்தூக்கம்
டெம்ப்ஃபைல் மாட்யூல் போட்டு மாத்தினேன். இப்போ ரீப்ளேஸ்ல எர்ர்னோ 18 வருது??

#22 கல்வெட்டு
தற்காலிக ஃபைல் டெம்ப் டைரக்டரில உருவாகுது, ஸ்டோர் வேற ஃபைல் சிஸ்டத்துல இருக்கு. ஒரு ஃபைல் சிஸ்டத்துலருந்து இன்னொண்ணுக்கு ரீனேம் பண்ண முடியாது. தப்பித் தவறி எஸ்ஹெச்யூடில் மூவ் போட்டுடாதீங்க. அது எர்ரரை மறைச்சுட்டு காப்பி பண்ணும், பழைய வியாதி திரும்ப வந்துடும். ஸ்டோர் ரூட்டுக்குள்ளேயே டெம்ப்னு ஒரு டைரக்டரி வச்சு, உருவாக்கும்போது அதையே இடமாக் கொடுங்க.

அதே மாட்யூல் ஃபைலை 0600-ல உருவாக்கும். ரீப்ளேஸுக்கு முன்னாடி 0444 போடாட்டி, வேற யூசர்ல ஓடுற வொர்க்கர் படிக்க முடியாம நிக்கும். 0444-க்கு இன்னொரு பயனும் உண்டு: வெளியே ஹார்டு லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பேர்) கொடுத்தா, வாங்கினவர் அதுல எழுதி ஸ்டோரையே கெடுக்கறது பெரும்பாலும் தடுக்கப்படும். ரூட் யூசர்னா அதுவும் தடுக்காது. அங்க ரீஃப்லிங்க் (எழுதினா தனியாப் பிரியுற நகல்) கொடுங்க, அது முடியாட்டி சாதாரண காப்பி.

இதோட நிறுத்திடாதீங்க. பழைய கெட்ட ஃபைல்கள் கேஷ்ல அப்படியே இருக்கு, புது கோடும் "இருக்கு"ன்னு அதையே நம்பும். எல்லா ஃபைலுக்கும் ஒரு தடவை ஹாஷ் போட்டு, பேரோட பொருந்தாததை ஸ்டோருக்குள்ள தனி டைரக்டரிக்கு நகர்த்துங்க. 3.11-ல ஹாஷ்லிப்ல ஃபைல்_டைஜஸ்ட் இருக்கு, அது போதும். சிஐ கேஷோட கீயையும் மாத்திடுங்க. எடுக்கும்போது மிஸ்மேட்ச் வந்தா எர்ரரை மட்டும் வீசாம ஃபைலையும் ஒதுக்கி வைங்க, அடுத்து போடுறவர் அதைச் சரியா எழுதிடுவார்.

#23 நீரோடை
குப்பை அள்ளுற ஜிசி இருந்தா ஒரு பொறி பாக்கி இருக்கு. பி "ஏற்கனவே இருக்கு"ன்னு ஹாஷை வாங்கிட்டுப் போறார், இன்னும் எங்கேயும் பதியல. அந்த இடைவெளில ஜிசி யாரும் சுட்டலைன்னு அழிச்சுடும். ஏற்கனவே இருக்கிற ஃபைலைப் பார்த்தா அதோட எம்டைமை (கடைசியா மாறின நேரம்) இப்போதைய நேரத்துக்குப் புதுப்பிங்க; ஜிசி ஒரு கெடுவுக்கு மேல பழசானதை மட்டும் அழிக்கட்டும். கிட்ல இந்தக் கெடு இயல்பா 2 வாரம். டெம்ப் டைரக்டரில அனாதையா நிக்கிற ஃபைலுக்கும் இதே விதி.

#24 கத்துக்குட்டி
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஹாஷ் பிரச்சினைதான். ஒரே ஜேசான், இரண்டு மெஷினில் இரண்டு ஹாஷ். கீ எல்லாம் வரிசைப்படுத்தியாச்சு. தமிழ்ப் பெயர் உள்ள பதிவுகளில் மட்டும் வருகிறது.

#25 பழம்பெருச்சாளி
தனி இழை தொடங்கவும்.

#26 நீரோடை
யூனிகோடு நார்மலைசேஷனா இருக்கும். "கொ"-வில் க-வுக்குப் பின்னால வர்ற ஒகரக்குறியை ஒரே குறியீடாவும் எழுதலாம், எகரக்குறியும் காலும்னு ரெண்டு குறியீடாவும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணு, பைட்டு வேற. ஜேசான் ஆக்குறதுக்கு முன்னாடி எல்லா ஸ்ட்ரிங்கையும் என்எஃப்சி-ங்கற ஒரே வடிவத்துக்கு மாத்துங்க. கமா, கோலன் பக்கத்துல வர்ற இடைவெளியும் ரெண்டு இடத்துலயும் ஒண்ணா இருக்கணும். இதை ஸ்டோருக்குள்ள வைக்காதீங்க, ஸ்டோருக்கு பைட்டு பைட்டுதான். மேல் அடுக்குல பண்ணணும்.

#27 அரைத்தூக்கம்
ஓடுது. சோதிச்சதுல 14 கெட்ட ஃபைல் சிக்குச்சு, 2-ல சைஸ் சரியாவே இருந்துச்சு. எஃப்சிங்க் போட்டதும் ரொம்ப மெதுவாகுது, அதை எடுத்துட்டேன். நன்றி எல்லாருக்கும்.

#28 கல்வெட்டு
ப்ராசஸ் செத்தா எஃப்சிங்க் இல்லாட்டியும் எழுதின டேட்டா போகாது, அது கெர்னல்கிட்ட இருக்கும். மெஷினே விழுந்தா பேர் இருக்கும், உள்ள 0 பைட்டு இருக்கலாம். தூக்கி எறியுற சிஐ மெஷினுக்குப் பரவாயில்ல. லைப்ரரியை வெளியே கொடுக்கிறீங்கன்னா அதை ஆப்ஷனாக்கி, இயல்பா ஆன்ல வைங்க. அப்போ ரீப்ளேஸுக்கு அப்புறம் டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க் வேணும். வேகம் வேணும்னா ஒரு தொகுதி ஃபைலை எழுதிட்டு, எல்லாத்துக்கும் சிங்க் முடிஞ்ச பிறகு மொத்தமா ரீனேம் பண்ணுங்க. கிட் 2.36-ல வந்த பேட்ச் முறையும் ஏறக்குறைய இந்த வழிதான்.

#29 அமுக்கி
@அரைத்தூக்கம் அந்த 2 ஃபைல்ல சுழிப் பகுதி முன்னாடி இருந்துச்சா, நடுவுலயா? 65536-ன் மடங்கா?

#30 சன்னல்வாசி
ரிலீஸ் போயிட்டார் போல.