ஆடிஷனில் இன்னொரு டேக் கேட்கலாமா?

மாடக்குளத்தான்:
மதுரையில் நான்கு ஆண்டுகளாக நவீன நாடகங்களில் நடித்து வருகிறேன். சென்ற வாரம் சென்னை சாலிகிராமத்தில் ஒரு தயாரிப்பு அலுவலகத்துக்கு முதன்முறையாக ஆடிஷனுக்குச் சென்றிருந்தேன். காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். என் முறை வந்தபோது மணி மூன்றரை. வீட்டு நகையை அடகு வைத்துவிட்ட தம்பி அதை அண்ணனிடம் ஒப்புக்கொள்ளும் காட்சியை ஒரு பக்கத் தாளில் கொடுத்து, பத்து நிமிடத்தில் தயாராகுமாறு சொன்னார்கள். பாதியில் ஒரு சொல் தவறியது. நானே நிறுத்தி, "சாரி சார், முதல்லேர்ந்து போகலாமா?" என்று கேட்டேன். இரண்டாம் முறையும் அதே இடத்தில் தடுமாறினேன். முடிந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். அதன் பிறகு இரண்டு நாட்களில் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். மூன்றாவது முறை எடுக்கவில்லை.

மீண்டும் ஒரு டேக் கேட்டது தவறா? நடிக்கும்போது லென்ஸைப் பார்க்க வேண்டுமா, வசனத்துக்கு எதிர்வசனம் கொடுப்பவரைப் பார்க்க வேண்டுமா? முடிவைத் தெரிந்துகொள்ள எத்தனை நாள் காத்திருப்பது முறை? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இணை இயக்குநர் ஒருவன்:
தம்பி, அந்த அறையில் உங்கள் எதிரே இருந்தவர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் அல்லர் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு நாளில் நாற்பது, ஐம்பது பேரைப் பதிவு செய்வோம். இயக்குநர் அதை இரவில் மடிக்கணினியிலோ, காரில் போகும்போது கைப்பேசியிலோ பார்ப்பார். அவர் பார்ப்பது உங்கள் நடிப்பை மட்டுமன்று. நீங்கள் சொன்ன "சாரி சார்" என்பதும், சொல் தவறியவுடன் முகம் அந்தத் தம்பி பாத்திரத்திலிருந்து உங்களுக்கு மாறிய அந்த ஒரு நொடியும் அதே பதிவில்தான் இருக்கின்றன. ஆகவே "கட்" சொல்வது எங்கள் வேலை, நீங்கள் சொல்லாதீர்கள். நகையை அடகு வைத்தவன் அண்ணன் முன்னால் தடுமாறாமல் பேசினால்தான் அதிசயம். தடுமாற்றத்தோடு தொடர்ந்திருந்தால் அதுவே அந்தக் காட்சிக்கு உதவியிருக்கும். கடைசி வசனம் முடிந்ததும் உடனே தளர்ந்துவிடாமல் இரண்டு, மூன்று விநாடி அந்த ஆளாகவே நில்லுங்கள். பல தேர்வுகள் அந்த மௌனத்தில் நடந்திருக்கின்றன.

இன்னொரு டேக் கேட்கலாம், ஒரு முறை மட்டும். அதுவும் வேறு விதமாகச் செய்து காட்ட ஏதேனும் இருந்தால்தான். "இன்னும் நல்லா பண்றேன்" என்பது காரணம் ஆகாது. நாங்களாகவே "கோபத்தைக் குறைத்துச் செய்யுங்கள்" என்று சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொண்டு விளக்கம் தர வேண்டாம். சொன்னதை உங்களால் மாற்றிச் செய்ய முடிகிறதா என்று பார்க்கவே பெரும்பாலும் அப்படிச் சொல்கிறோம்.

முடிவு கேட்டு அழைக்க வேண்டாம். மறுநாள் நன்றி சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். பிற்பாடு வேறு படத்தில் நடித்தால் அப்போது இன்னொன்று அனுப்புங்கள். ஐந்தரை மணி நேரம் காக்க வைத்தது எங்கள் தரப்பின் தவறுதான்.

வ்யூஃபைண்டர்:
ஒளிப்பதிவு உதவியாளனாகப் பல ஆடிஷன்களில் கேமராவுக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் சில செய்திகள். பெயர், வயது, உயரம் சொல்லி, இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிக் காட்டும் அறிமுகப் பகுதியில் மட்டும் லென்ஸைப் பாருங்கள். காட்சி தொடங்கியபின், வேறு விதமாகச் சொன்னாலொழிய, எதிர்வசனம் படிப்பவர்தான் உங்கள் அண்ணன். அவரை லென்ஸை ஒட்டியே உட்கார வைப்போம். அப்போதுதான் உங்கள் இரு கண்களும் பதிவில் தெரியும். அவர் செய்தித்தாள் படிப்பது போல உணர்ச்சியின்றிப் படிப்பார். அதற்காக முகம் சுளிக்காதீர்கள். எல்லாருக்கும் அப்படித்தான் படிக்கிறார்.

மேடையிலிருந்து வருபவர்களுக்குக் குரல்தான் பெரிய சிக்கல். கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய குரலை மூன்றடி தூரத்தில் இருக்கும் மைக்குக்குக் கொடுத்தால் ஒலி உடைந்துவிடும். நாடகப் பயிற்சி ஒரு தடை என்று எண்ண வேண்டாம். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்துதான் பசுபதி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் திரைக்கு வந்தார்கள். நெருக்கமான ஷாட்டில் அரை அடி முன்னால் சாய்ந்தாலே ஃபோகஸ் போய்விடும் என்பதால், தொடங்குமுன் "ஃபிரேம் எதுவரை சார்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய கோடு போட்ட சட்டை வேண்டாம், பதிவில் அலையலையாக நெளியும். கண்ணாடி வளையல் அணிந்து வருபவர்கள் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

செங்காந்தள்:
மேலே சொன்னவை பயனுள்ளவை. ஆனால் நடிகர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் பல வரிகளும், ஐந்தரை மணி நேரக் காத்திருப்புக்கு ஒரே வரியும் கிடைத்திருப்பதை இணை இயக்குநர் ஐயா கவனிக்க வேண்டும். பசி மயக்கத்தோடு உள்ளே போன ஒருவரின் தடுமாற்றத்தில் உங்கள் பங்கும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவது எந்த வகையிலும் மரியாதைக் குறைவு ஆகாது.

நான் ஆடிஷனுக்குப் போகுமுன் மூன்று விவரங்களைக் கேட்டுவிடுவேன்: என்ன பாத்திரம், எந்த இடம், அறையில் யார் யார் இருப்பார்கள். ஆடிஷனுக்குப் பணம் கேட்டால் அந்த இடத்துக்கே போவதில்லை. தொட்டு நடிக்க வேண்டிய காட்சி என்று முன்பே சொல்லாமல் அங்கே வைத்துக் கேட்டால், "இதற்கு நான் தயாராக வரவில்லை, வேறு காட்சி கொடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லலாம். அப்படிச் சொல்வது பிடிவாதம் அன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலைக்கு அமர்த்தப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே "நீ இன்னும் எங்கள் படத்திலேயே இல்லையே" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பத்து பேருக்குக் குறைவான அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.

மாடக்குளத்தான்:
அனைவருக்கும் நன்றி. சொல்லத் தயங்கிய ஒன்றும் இருக்கிறது. அந்த வசனத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பயிற்சிக்கு உதவும் என்று அதைப் படம் பிடித்து எங்கள் நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பிலும் போட்டிருக்கிறேன். நேரில் போய்த் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கட்டுமா?

இணை இயக்குநர் ஒருவன்:
செங்காந்தள் அம்மா சொன்னது நியாயம், ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த முறை ஆட்களை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லாமல் மணிவாரியாக அழைக்கிறேன்.

தம்பி, வாட்ஸ்அப்பில் போட்டதை இப்போதே நீக்கிவிட்டு, படித்தவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். படம் வெளிவருமுன் ஒரு பக்கம் வெளியே போனாலும் அந்த அலுவலகத்தில் யாராவது ஒரு உதவி இயக்குநரின் வேலைதான் போகும். தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நேரில் போக வேண்டாம். ஏற்கெனவே மூன்று முறை அழைத்திருக்கிறீர்கள், தாளைச் சாக்கிட்டு நான்காவதாக வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.