பாப்புவின் பத்து நிமிடப் பேச்சு

பாப்பு: பெரியம்மா, நாளை வகுப்பில் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். இங்கே செயின்ட் லூயிஸில் பிறந்தவர் என்பது மட்டும்தான் தெரியும். உதவி!

திருச்சி மாமா: யார் அது?

பெரியம்மா: அமெரிக்கப் பழமைவாத எழுத்தாளர், அரசியல்வாதி. பாப்பு, குறித்துக்கொள். பிறப்பு 1924. போர்க்காலத்தில் தோட்டா ஆலையில் இரவு வேலை, தோட்டாக்களைச் சுட்டுச் சோதிப்பது. பகலில் கல்லூரி. 1952-இல் இல்லினாயில் காங்கிரஸுக்கு நின்று தோற்றார்.

திருச்சி மாமா: காங்கிரஸ் கட்சியா?

பெரியம்மா: அது அவர்கள் நாடாளுமன்றம். இவர் குடியரசுக் கட்சி. 1970-இலும் நின்றார், தோல்வி.

சித்தப்பா: வெள்ளிக்கிழமை வளைகாப்பு. வளையல் யார் பொறுப்பு?

அத்தை: தேர்தல் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் வார்டுக்கு நின்றபோது இங்கே எத்தனை பேர் ஓட்டுப் போட்டீர்கள்?

சித்தப்பா: அக்கா, அன்று பழனியில் கல்யாணம்.

அத்தை: முகூர்த்தம் காலை ஆறு மணிக்கே முடிந்தது.

அப்பா: போதும். பாப்பு எழுதட்டும்.

பெரியம்மா: முக்கியமானது இனிமேல்தான். 1967-இல் கட்சியின் பெண்கள் கூட்டமைப்புத் தலைவர் தேர்தலிலும் தோற்றார். அந்த ஆண்டே, தன் பக்கம் நின்ற பெண்களுக்கு மாதாமாதம் செய்திமடல் அனுப்பத் தொடங்கினார். 1972-இல் ஆண் பெண் சம உரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தம் காங்கிரஸில் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும். அந்த மடலைப் படித்த பெண்களைத் திரட்டித்தான் எதிர்த்தார். பெண்களையும் கட்டாய ராணுவத்துக்கு இழுப்பார்கள், மனைவியைக் காக்கும் கடமை கணவனுக்கு இல்லாமல் போகும் என்பது அவர் வாதம். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டில் சுட்ட ரொட்டியும் ஜாமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1982-இல் கெடு முடிந்தது. 35 மாநிலங்களைத் தாண்டவில்லை.

அண்ணி: சம உரிமை வேண்டாம் என்று ஒரு பெண்ணே சொன்னாரா? கோபமாக வருகிறது.

பெரியம்மா: எனக்கும் அவர் கொள்கை பிடிக்காது. ஆனால் அவர் உழைப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. இல்லத்தரசிக்காகப் பேசியவர், ஆறு பிள்ளைகளை வளர்த்தபடியே நாடு முழுக்கச் சுற்றினார், பத்திரிகைகளில் பத்தி எழுதினார், ஐம்பதைத் தாண்டி 1978-இல் சட்டப் பட்டமும் வாங்கினார். இந்த முரணை விட்டுவிடாதே, பாப்பு.

சித்தப்பா: பெரியண்ணி, உங்களையும் பத்திரிகை வேலைக்கு எங்கள் அப்பா விட்டிருக்கலாம்.

பெரியம்மா: அது இப்போது எதற்கு?

அத்தை: நானும் அன்றே சொன்னேன். யார் கேட்டீர்கள்?

பாப்பு: எதில் தொடங்கட்டும்? தோட்டாவா, ரொட்டியா?

அத்தை: ரொட்டி

அண்ணி: தோட்டா!

பெரியம்மா: இரண்டும் வேண்டாம். 1967 தோல்வியில் தொடங்கு. மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

பாப்பு: யோசிக்கிறேன் பெரியம்மா

சித்தப்பா: வளையல்??

திருச்சி மாமா: இங்கே வாங்கிவிடலாம். எத்தனை டஜன்?

அண்ணி: போன முறை போலப் பச்சை மட்டும் வாங்காதீர்கள்.