கலைச்சொல் விவாதம்: 'ஹுப்போஸ்தாசிஸ்' – நிலையா, ஆளுமையா, ஆளா?

பசுமலையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். திரித்துவப் பாடக் கையேட்டின் சொற்பட்டியலில் ஒரே ஒரு சொல்தான் இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஒரே கடவுளில் பிதா, குமாரன், ஆவி என்கிறோமே, அந்த ஒவ்வொருவரையும் குறிக்கும் சொல்: கிரேக்கத்தில் ஹுப்போஸ்தாசிஸ், லத்தீனில் பெர்சோனா. வரைவில் ஓர் அதிகாரத்தில் 'நிலை', அடுத்ததில் 'ஆளுமை', இன்னொன்றில் 'நபர்' என்று கிடக்கிறது. எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதால் வந்த வினை. எனக்கு 'நிலை' பிடித்திருக்கிறது: "ஒரே கடவுள், மூன்று நிலைகள்". வாசிக்க இதமாக இருக்கிறது. ஆட்சேபம் உண்டா? திரித்துவமா மூவொருமையா என்ற பழைய சண்டையை மட்டும் தயவுசெய்து கிளப்ப வேண்டாம். தலைப்பில் இரண்டையும் போட்டாயிற்று.

அரசரடியிலிருந்து:

தம்பி, ஆட்சேபம் பலமாகவே உண்டு. 'நிலை' உள்ளே வந்துவிட்டால் கையேட்டின் மீதிப் பக்கங்களை அச்சடிக்கவே வேண்டாம். நிலை என்பது ஒருவரே மாறி மாறி எடுப்பது. ஒரே கடவுள் ஒரு காலத்தில் பிதாவாகவும் பிறகு குமாரனாகவும் அப்புறம் ஆவியாகவும் விளங்கினார் என்பது 3ஆம் நூற்றாண்டில் சபேலியுவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட போதனை. திருச்சபை அதைத் தள்ளிவிட்டது. ஞாயிறு பள்ளியில் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அதுவும் இதே போதனைதான், பாத்திரம்தான் வேறு. மத்தேயு 3:16-17ஐ அதன்மேல் வைத்துப் பாருங்கள். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவி புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் வருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில். நிலைகள் என்றால் யார் யாரைப் பார்த்துப் பேசியது?

ஹுப்போஸ்தாசிஸ் புதிய ஏற்பாட்டில் ஐந்தே இடங்களில் வருகிறது: 2 கொரிந்தியர் 9:4, 11:17, எபிரெயர் 1:3, 3:14, 11:1. பழைய மொழிபெயர்ப்பில் எபிரெயர் 1:3 "அவருடைய தன்மையின் சொரூபம்" என்கிறது. இங்கே 'தன்மை'தான் ஹுப்போஸ்தாசிஸ். அதே நிருபத்தில் 3:14இல் அது 'நம்பிக்கை', 11:1இல் 'உறுதி'. 1995இல் வந்த திருவிவிலியம் 1:3ஐ "அவருடைய இயல்பின் அச்சுப் பதிவு" என்கிறது. ஆக, வேதத்தில் இருக்கும் சொல்லை அப்படியே எடுத்துப் பட்டியலில் போட வழியில்லை. எபிரெயர் 1:3இல் அது கடவுளின் உள்ளியல்பைக் குறிக்கிறது. நமக்கு வேண்டிய பொருள் அதற்கு மூன்று நூற்றாண்டுக்குப் பின்னால் கெட்டிப்பட்டது.

கெட்டிப்பட்ட விதத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அன்றைக்கு நடந்த குழப்பம்தான் இன்றைக்கு நம் பட்டியலில் நடக்கிறது. 325இல் நிக்கேயா சங்கம் விசுவாசப் பிரமாணத்தின் கடைசியில் ஒரு சாபவாக்கு சேர்த்தது. குமாரன் "வேறொரு ஹுப்போஸ்தாசிஸிலிருந்தோ ஊசியாவிலிருந்தோ" வந்தவர் என்பவர்களைத் தள்ளியது. ஊசியா என்றால் சாரம், உள்ளியல்பு. அங்கே இரண்டு சொல்லும் ஒரே அர்த்தத்தில் நிற்கின்றன. அதற்குப்பின் கிழக்கே சிலர் 'மூன்று ஹுப்போஸ்தாசிஸ்' என்றார்கள், சிலர் 'ஒரே ஹுப்போஸ்தாசிஸ்' என்றார்கள். 362இல் அலெக்சாந்திரியாவில் அவ்வூர் ஆயர் அத்தனாசியு கூட்டிய சங்கம் இரு தரப்பையும் உட்காரவைத்து, என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று கேட்டது. இரண்டு கூட்டமும் ஒரே விசுவாசத்தைத்தான் சொல்கிறது என்று கண்டது. பிறகு பசிலியு, நசியான்சு கிரகோரி, நிஸ்ஸா கிரகோரி மூவரும் வரம்பு கட்டினார்கள்: ஊசியா என்றால் பொதுவானது, ஹுப்போஸ்தாசிஸ் என்றால் தனித்தனியானது. 381இல் கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கம் கூடியபோது 'ஒரு ஊசியா, மூன்று ஹுப்போஸ்தாசிஸ்' வழக்காகிவிட்டது.

மேற்கே பாடு வேறு. ஹுப்போஸ்தாசிஸை உறுப்பு உறுப்பாக லத்தீனாக்கினால் 'சப்ஸ்தான்சியா' வரும். ஆனால் அவர்கள் அந்தச் சொல்லை, லத்தீனில் எழுதிய பழைய இறையியலார் தெர்த்துல்லியன் காலத்திலிருந்தே, ஒன்றாயிருப்பதற்கு வைத்திருந்தார்கள். அதனால் 'மூன்று ஹுப்போஸ்தாசிஸ்' என்பது லத்தீன் காதில் மூன்று கடவுள் என்றே விழுந்தது. வேதத்தை லத்தீனாக்கியவர் என்று பெயர்பெற்ற எரோணிமுஸ் சிரியாவிலிருந்து போப் தமாசுவுக்கு இதைப் பற்றி முறையிட்டே எழுதினார். சொல்லின் வேரைப் பார்த்துக் கலைச்சொல் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 'கீழ்நிற்பு', 'அடிநிலை' என்றெல்லாம் தயவுசெய்து யாரும் கிளம்ப வேண்டாம்.

கருமாத்தூரிலிருந்து:

ஐயா சொன்னதில் எனக்கு வேறுபாடில்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். கத்தோலிக்கப் பக்கம் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஆள். 'இரண்டாம் ஆள்' என்பது பழைய ஞானோபதேச வழக்கு. ஊசியாவுக்குப் 'பொருள்': நிசேயா நம்பிக்கை அறிக்கையில் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று கோவிலில் சொல்கிறோம். மக்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு?

'ஆளுமை' வேண்டவே வேண்டாம். இன்றைக்கு அந்தச் சொல் உளவியலுக்குப் போய்விட்டது. "ஒரே கடவுளுக்கு மூன்று ஆளுமைகள்" என்று எழுதினால் வாசகர் மனநல மருத்துவமனையை நினைப்பார்.

தல்லாகுளத்திலிருந்து:

ஐயா இருவருக்கும் வணக்கம். சமயம் உங்களுடையது, இலக்கணம் பொது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சோதனை சொல்கிறேன்.

சொல்லோடு எந்த எண்ணுப்பெயர் சேர்கிறது என்று பாருங்கள். 'நிலைகள் மூவர்' என்று தமிழில் வராது. 'ஆளுமைகள் மூவர்', 'இருப்புகள் மூவர்', 'தன்மைகள் மூவர்' எதுவும் வராது. 'மூன்று' என்றுதான் வரும். அவையெல்லாம் அஃறிணை. 'ஆட்கள் மூவர்', 'நபர்கள் மூவர்' வரும். எதிர்ப்பக்கம், ஊசியாவுக்கு வைக்கும் சொல் 'ஒன்று' என்று முடிய வேண்டும். 'ஒருவர்' என்று முடியக் கூடாது. 'பொருள் ஒன்று' வருகிறது. நன்னூலே "மக்கள் தேவர் நரகர் உயர்திணை" என்று வகுத்துவிட்டதால் கடவுளை 'ஆள்' என்பதில் இலக்கணத் தடை இல்லை.

உங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள். யோவான் 1:1இல் "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று அஃறிணையில் முடித்துவிட்டு, அடுத்த வசனத்திலேயே "அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்" என்று உயர்திணைக்குத் தாவுகிறார்கள். திருவிவிலியமும் "வாக்கு என்னும் அவரே" என்று அதே இடத்தில் தாவுகிறது. கிரேக்கத்தில் இந்தத் தாவல் தேவைப்படாது என்று நினைக்கிறேன்; அரசரடி ஐயா சொல்ல வேண்டும்.

அரசரடியிலிருந்து:

தேவைப்படாது அம்மா. 'லோகோஸ்' (வார்த்தை) ஆண்பாற்சொல், அதைச் சுட்டும் சொல்லும் ஆண்பால். அங்கே அது வெறும் இலக்கண இசைவு. தமிழில் மட்டும்தான் அந்த வரியில் முடிவெடுத்தாக வேண்டும்.

உங்கள் சோதனைக்கு யோவான் 10:30 நேரே பொருந்துகிறது. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்". கிரேக்கத்தில் 'ஹென்', அதாவது ஒன்று. 'ஹெய்ஸ்' அல்ல, அதாவது ஒருவர் அல்ல. வினையோ பன்மை. தமிழில் 'ஒன்று', 'இருக்கிறோம்' இரண்டும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. சபேலியுவுக்கு இந்த ஒரு வசனம் போதும்.

ஆனால் குமாரன் படைக்கப்பட்டவர், பிதாவுக்குக் கீழானவர் என்ற ஆரியுவுக்குப் போதாது. இங்கேதான் நம் பாடம் எழுதுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். 1 கொரிந்தியர் 3:8இலும் "நடுகிறவனும் நீர்ப்பாய்ச்சுகிறவனும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று அதே 'ஹென்' வருகிறது. பவுலும் அப்பொல்லோவும் ஒரே பொருள் என்று யாரும் சொல்லமாட்டோம், ஒரே வேலை என்கிறோம். அதனால் 10:30ஐத் தனியே பிய்த்தெடுத்து வைக்காதீர்கள். 28, 29ஆம் வசனங்களோடு வையுங்கள்: என் கையிலிருந்து ஒருவனும் பறிக்க முடியாது, என் பிதாவின் கையிலிருந்தும் ஒருவனும் பறிக்க முடியாது. காக்கும் வல்லமை ஒன்று என்ற பிறகே 'ஒன்று' வருகிறது. கேட்டவர்கள் கல்லெடுத்த காரணத்தை 33ஆம் வசனம் சொல்கிறது: மனுஷனாயிருந்து தன்னைத் தேவன் என்கிறார் என்பதே.

இன்னொன்றும் கண்ணில் படுகிறது. தமிழில் 'நாம்', 'நாங்கள்' வேறு, கிரேக்கத்தில் ஒன்றுதான். யோவான் 17இல் பிதாவோடு பேசும்போது "நம்மில் ஒன்றாயிருக்கவும்" என்று வருகிறது. 14:23இல் சீடரோடு பேசும்போது "நாங்கள் அவனிடத்தில் வந்து அவனோடே வாசம்பண்ணுவோம்". பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் வேறொருவர் என்பது மூலத்தில் சூழலால் தெரிகிறது, தமிழில் சொல்லிலேயே தெரிகிறது. கையேட்டில் இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடலாம்.

ஆவியானவர் விஷயத்தில் மட்டும் சுட்டுப்பெயரை நம்பிப் பாடம் கட்ட வேண்டாம். யோவான் 16:13இல் 'ப்நெயூமா' (ஆவி) அலிப்பால், அதாவது ஆண்பாலோ பெண்பாலோ அல்லாத சொல், ஆனால் ஆண்பாற் சுட்டு வருகிறது, ஆகவே ஆவி ஓர் ஆள் என்று பலர் எழுதுகிறார்கள். அந்தச் சுட்டு 16:7இல் வரும் 'தேற்றரவாளன்' என்ற ஆண்பாற்சொல்லைப் பற்றியது என்று ஒருவர் சொன்னால் வாதம் சாய்ந்துவிடும். ஆள் செய்யும் செயல்களைக் காட்டுங்கள். அப்போஸ்தலர் 13:2இல் "நான் அழைத்த ஊழியத்துக்காக" என்று ஆவியானவர் 'நான்' என்கிறார். 1 கொரிந்தியர் 12:11இல் தமது சித்தத்தின்படி பகிர்ந்துகொடுக்கிறார். எபேசியர் 4:30இல் துக்கப்படுத்தப்படக் கூடியவர். நிலை துக்கப்படாது.

பசுமலையிலிருந்து:

சரி, 'நிலை' போயிற்று. ஆனால் 'ஆள்' என்று வெறுமனே போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நம்ம ஊர்ப் பேச்சில் 'மூணு ஆளு' என்றால் கொத்தனாரும் இரண்டு சித்தாளும். 'ஆளிருப்பு' அல்லது 'இறையாள்' என்று செய்தால் என்ன?

தல்லாகுளத்திலிருந்து:

'ஆளிருப்பு' கீழமாசி வீதிக் கடைக்காரர் காதில் சரக்கு இருப்பு மாதிரி விழும். மேலும் அது அஃறிணை, சோதனையில் தோற்கிறது.

'இறையாள்' அழகான சொல்தான், ஆனால் இல்லாள், மனையாள், மலையாள் வரிசையில் போய் நின்றுவிடுகிறது. மதுரையில் 'இறையாள்' என்று எழுதினால் அங்கயற்கண்ணியைச் சொல்வதாகவே படிப்பார்கள். 'இறையாளர்' என்று மாற்றினாலும் பேச்சாளர், எழுத்தாளர் போல ஒரு தொழில் வந்துவிடும், ஒருமையா பன்மையா என்றும் தெரியாது.

கருமாத்தூரிலிருந்து:

தம்பியின் கூச்சத்துக்கு மருந்து அடைமொழி. 'இறை' என்பதை ஒட்டாமல், இடைவெளி விட்டு 'இறை ஆள்', 'இறை ஆட்கள்' என்று முதல் இடத்தில் மட்டும் எழுதலாம்; பிறகு 'ஆள்' போதும்.

எனக்கு வேறொரு சிக்கல் தெரிகிறது. "கடவுள் ஒருவரே" என்கிறோம், இணைச்சட்டம் 6:4. அடுத்த வரியில் "மூவர்" என்கிறோம். இரண்டும் உயர்திணை. அம்மாவின் சோதனையில் ஒன்று–மூவர் தெளிவு, ஒருவர்–மூவர்?

அரசரடியிலிருந்து:

அங்கே எண்ணப்படுவது எது என்பதை எழுதாமல் விட்டால்தான் முரண். 'ஒருவர்' என்பது கடவுளை எண்ணுகிறது, 'மூவர்' என்பது ஆட்களை எண்ணுகிறது. ஆகவே கையேட்டுக்கு ஒரு விதி: எண்ணுப்பெயர் தனியே நிற்கக் கூடாது. 'மூவரும் ஒருவர்', 'மூவரில் ஒருவர்' இரண்டையும் கண்டால் அடித்துவிடுங்கள். முன்னது சபேலியு, பின்னது மூன்று கடவுள். 'கடவுள் ஒருவர், பொருள் ஒன்று, ஆட்கள் மூவர்' என்று பெயரோடு சேர்த்தே வரட்டும். மத்தேயு 28:19இல் மூவரைச் சொல்லிவிட்டு "நாமத்திலே" என்று ஒருமையில் முடிவதை இதோடு காட்டலாம்.

வசன ஆதாரப் பட்டியலில் 1 யோவான் 5:7ஐ யாரோ முதலிலேயே வைத்திருக்கிறார்கள். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற வாக்கியம் பழைய மொழிபெயர்ப்பில் உண்டு, திருவிவிலியத்தில் இல்லை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அது இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு 1522இல்தான் சேர்த்தார். உபதேசம் அந்த வரியை நம்பி நிற்கவில்லை, எடுத்துவிடலாம். வைத்திருந்தால் வகுப்பில் முதல் கேள்வியே அதில்தான் வரும்.

கருமாத்தூரிலிருந்து:

எடுத்துவிடுங்கள். கடைசியாக 'பெரிகோரேசிஸ்', அதாவது மூவரும் ஒருவருக்குள் ஒருவர் உறைவது. "நான் பிதாவிலும், பிதா என்னிலும்" என்ற யோவான் 14:10க்கு விளக்கமாக வரும் சொல். தமஸ்கு யோவான் 8ஆம் நூற்றாண்டில் இதைத் திரித்துவத்துக்கு விரிவாக ஆண்டார். வரைவில் 'உடனுறைவு' என்று இருக்கிறது.

தல்லாகுளத்திலிருந்து:

'உடனுறை' வேண்டாம் ஐயா. சித்திரைத் திருவிழா அழைப்பிதழில் 'மீனாட்சி உடனுறை சுந்தரேசுவரர்' என்று படித்து வளர்ந்த ஊர் இது. இங்கே அந்தச் சொல்லுக்குத் துணைவி என்ற அர்த்தம் பதிந்துவிட்டது. சைவ சித்தாந்தத்தின் 'ஒன்றாய், வேறாய், உடனாய்' என்பதையும் இழுக்காதீர்கள். அது இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு, நீங்கள் சொல்வது இறைவனுக்குள்ளேயே உள்ளது. 'உள்ளுறை' அகப்பாட்டு உவமைக்குப் போய்விட்டது. 'ஊடுறைவு' காலியாக இருக்கிறது.

பசுமலையிலிருந்து:

பட்டியலில் இப்படி ஏற்றியிருக்கிறேன்:

ஊசியா: பொருள். எப்போதும் 'ஒன்று'. 'சாரம்', 'சுபாவம்' அடிக்குறிப்பில்.

ஹுப்போஸ்தாசிஸ், பெர்சோனா: இறை ஆள், ஆள். பன்மை 'ஆட்கள்', எப்போதும் 'மூவர்'. நிலை, ஆளுமை, தன்மை, இருப்பு விலக்கு. எபிரெயர் 1:3இல் மட்டும் 'தன்மை', 'இயல்பு' மேற்கோளில் உள்ளபடி.

பெரிகோரேசிஸ்: ஊடுறைவு (தற்காலிகம்).

'நபர்' கேட்டவர்களுக்கு: அரபுவழிச் சொல் என்பதற்காக விலக்கவில்லை, சோதனையிலும் தேறுகிறது. குடும்ப அட்டையில் நபர் எண்ணிக்கை கேட்பது போலத் தலைக்கணக்காகவே ஒலிப்பதால் ஒதுக்கியிருக்கிறேன். 'ஊடுறைவு' படித்தால் 'ஊடல்' ஞாபகம் வருகிறது என்று அச்சகத்தில் ஒருவர் சொன்னார். இதைவிடச் சரியான சொல் இருந்தால் மெய்ப்பு போவதற்குள் எழுதுங்கள்.