லியர் அரசனைப் பிழைக்க வைத்தது தப்பா?

கூத்துப்பித்தன்: ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்', மகள்களுக்கு நாட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பித்துப்பிடித்து, கடைசியில் இளைய மகள் கார்டீலியாவோடு சாகும் கிழ அரசனின் கதை. 1681ல் நேஹம் டேட் என்ற நாடகாசிரியர் அதைத் திருத்தி எழுதினார். அவர் வடிவத்தில் கார்டீலியா சாகவில்லை, எட்கர் என்ற பிரபு மகனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். லியருக்கு அரியணை திரும்பக் கிடைக்கிறது. லியரின் அரசவைக் கோமாளியையே காணோம். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் லண்டன் மேடையை ஆண்டது பெரும்பாலும் இந்த வடிவம்தான். இதைவிடப் பெரிய இலக்கியத் துரோகம் உண்டா?

மையிருள்: எடுத்த எடுப்பிலேயே துரோகமா? 12ஆம் நூற்றாண்டில் மான்மவுத் ஜெஃப்ரி என்ற வரலாற்றாசிரியர் எழுதியதிலும் சரி, 1605ல் அச்சான பெயர் தெரியாத ஒருவரின் நாடகத்திலும் சரி, லியர் மறுபடி அரசனாகிறார். மகளைத் தூக்கில் போட்டு, பிணத்தைக் கிழவன் கையில் கொடுத்தது ஷேக்ஸ்பியர்தான். அவர் முடிவை மாற்றினால் மேதைமை, டேட் மாற்றினால் துரோகமா?

கூத்துப்பித்தன்: முடிவைக்கூட விடுங்கள் தோழர், கோமாளியை டேட் எதற்கு நீக்கினார்? உண்மையைச் சொன்ன கென்ட் பிரபுவை லியர் நாடுகடத்துகிறார். கோமாளியோ அரசனையே முட்டாள் என்கிறான். 'என்னையா?' என்று கேட்டால், 'மற்றப் பட்டங்களையெல்லாம் கொடுத்துவிட்டாய், இது கூடவே பிறந்தது' என்கிறான். தலையும் தப்புகிறது! இந்த இடத்தை வெட்ட எப்படி மனசு வந்தது?

ஏட்டுச்சுரைக்காய்: இரண்டு பேரும் வருஷத்தைக் கவனிக்கவில்லை. 1649ல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் தலை போனது, 1660ல் அவர் மகன் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். 1681ல் மறுபடி கலவரம்: கத்தோலிக்கரான தம்பி ஜேம்ஸ் பட்டத்துக்கு வரக்கூடாது என்று ஒரு கட்சி. அதில் சிலர், சார்லஸுக்கு முறையான திருமணத்துக்கு வெளியே பிறந்த மான்மவுத் பிரபுவை முன்னிறுத்தினார்கள். டேட்டின் நாடகம் யார் பேச்சோடு தொடங்குகிறது தெரியுமா? அதே மாதிரி பிறந்த, எட்கரின் தம்பி எட்மண்ட்! அவன் தோற்கிறான், பழைய ராஜா திரும்புகிறார். டேட் இதற்குச் சற்று முன்தான் ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தைத் திருத்திப் போட்டு, அரசன் பதவியிழக்கும் கதை என்பதால் தடை வாங்கியிருந்தார். சூடு கண்ட பூனை.

கூத்துப்பித்தன்: ஆக, அரண்மனைக்குப் பிடித்த மாதிரி எழுதியிருக்கிறார். 1692ல் அரசவைக் கவி பட்டமும் வந்தது. 1711லேயே கட்டுரையாளர் அடிசன், இந்தத் திருத்தத்தால் நாடகம் பாதி அழகை இழந்துவிட்டது என்று எழுதிவிட்டார்.

மையிருள்: அடிசனைக் கூப்பிட்டால் நான் விமர்சகர் ஜான்சனைக் கூப்பிடுவேன். கார்டீலியாவின் சாவு தந்த அதிர்ச்சியில், பதிப்பாசிரியராகத் திருத்த வேண்டி வந்தபோதுதான் கடைசிக் காட்சிகளை மறுபடி படித்தேன் என்று 1765ல் வந்த தன் ஷேக்ஸ்பியர் பதிப்பில் எழுதுகிறார். அவருக்கு ரசனை கிடையாதா? 1823ல் நடிகர் எட்மண்ட் கீன் ஷேக்ஸ்பியரின் சோக முடிவைப் போட்டுப் பார்த்தார். அது நிலைக்கவில்லை.

கூத்துப்பித்தன்: 1838ல் நடிகர் மெக்ரெடி கோமாளியோடு சேர்த்துப் போட்டார், நிலைத்தது. கூட்டம் கைதட்டுவதுதான் அளவுகோல் என்றால் நமக்குள் பேச்சே வேண்டாம்.

ஏட்டுச்சுரைக்காய்: இன்னொன்று. அரசர் மூன்றாம் ஜார்ஜ், லியரைப் போலவே, மனநிலை பிறழ்ந்திருந்த கடைசி வருஷங்களில் லண்டனில் லியரையே போடவில்லை. 1820ல் அவர் இறந்த பிறகுதான் மேடைக்கு வந்தது. கையில் இருந்தது டேட்டின் சுப முடிவுதான்!

கூத்துப்பித்தன்: பார்த்தீர்களா? கல்யாணத்தை ஒட்டவைத்தும் ஷேக்ஸ்பியரை அடக்க முடியவில்லை.

மையிருள்: அதையே நானும் சொல்வேன். டேட் நாடகத்தைக் கொன்றிருந்தால், அதைப் போட ஏன் பயந்தார்களாம்?