உல்ம் நகரத்துக் கோபுரம்: இடைக்காலமா, பத்தொன்பதாம் நூற்றாண்டா?

மயிலாப்பூர் வாசகர்:
நம் சாந்தோம் பேராலயம் 1896இல் கூர்வளைவுகள் கொண்ட கோதிக் பாணியில் எழுப்பப்பட்டது. ஜெர்மனியின் உல்ம் ஆலயத்துக்கு 1377இல் அடிக்கல் நாட்டப்பட்டிருந்தும், கோபுரம் 1890இல்தான் நிறைவுற்றதாம். இத்தனை தாமதம் ஏன்? அது ஆயரின் பேராலயமா?

அடையாறு நண்பர்:
இல்லை ஐயா, அது வெறும் பங்குக் கோயில்தான். பழைய பங்குக் கோயில் மதிலுக்கு வெளியே இருந்ததால், முற்றுகைக் காலத்தில் மக்கள் அங்கு செல்ல இயலவில்லை. ஆகவே நகரத்தார் தம் சொந்தப் பணத்தில் மதிலுக்குள்ளேயே புதிதாகக் கட்டத் தொடங்கினர். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கோபுரத்திலிருந்து கற்கள் பெயர்ந்து விழவே, கட்டடக் கலைஞர் புர்க்ஹார்ட் எங்கெல்பெர்க் அதன் அடித்தளத்தை வலுப்படுத்தியதோடு, நடுக்கூடத்தின் இருபுறமும் உள்ள பக்கக்கூடங்களின் நடுவே மெல்லிய தூண்களை நிறுத்தி ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தார். கூரையின் பாரம் அவ்வாறு பகிரப்பட்டது. என் கண்ணுக்குக் கோபுரத்தைவிட அந்தத் தூண்களே அழகு. 1530இல் நகரம் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக்கு மாறியது. 1543இல் பணி நின்றது.

திருவல்லிக்கேணி பொறியாளர்:
1844இல் மீண்டும் தொடங்கியவர்கள் முதலில் கவனித்தது உயரத்தை அல்ல, உறுதியை. நடுக்கூடத்தின் கல் வளைகூரை சுவர்களை வெளிநோக்கித் தள்ளுமாதலால், வில்போல் வளைந்து அவற்றைத் தாங்கும் வெளிமுட்டுகளைச் சேர்த்தனர். பின்னரே, பதினைந்தாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் மத்தேயுஸ் பொப்லிங்கரின் பழைய வரைபடத்தைத் தழுவிக் கோபுரத்தை ஏறத்தாழ 161 மீட்டருக்கு உயர்த்தினர். சாந்தோம் கோபுரம் சுமார் 47 மீட்டர்தான். ஆக, உல்ம் கோபுரத்தின் உச்சி நம் சாந்தோமுக்கு ஆறே ஆண்டுகள் மூத்தது!