ஒரு கவர் பாட்டு, அதற்குப் பின்னால் ஒரு பாட்டி

கவர் பாடல்களைப் பற்றி, அதாவது ஒருவரின் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவதைப் பற்றி, இங்கே பேச்சு வந்ததால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

சில வருடங்களுக்கு முன்னால் இரண்டே பேர் உள்ள ஒரு சின்ன இண்டி (பெரிய நிறுவனத்தைச் சாராத) இசைக்குழுவின் ஈபி, அதாவது குட்டி ஆல்பம், கையில் கிடைத்தது. நாலே பாட்டு. வீட்டு அறையிலேயே பதிவு செய்திருக்கிறார்கள், நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்கும். மூன்று பாட்டு அவர்களே எழுதியவை, நாலாவது 'ஃப்ரைட் ட்ரெயின்' என்ற பழைய பாட்டின் கவர். அந்த நாலாவதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். காலை மாலை அதே பாட்டுதான்.

கிட்டார் வாசிப்பேன் என்பதால் காதால் கேட்டே எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஸ்வரமெல்லாம் சரியாக வந்தது, நடை மட்டும் வரவில்லை. அவர்கள் வாசிக்கும்போது பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஸ்வரங்கள், தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க, மெட்டு தனியாக, தடித்த குரலில் யாரோ பேசுவதுபோல வரும். என் கையில் மெட்டு மெலிந்து பேஸுக்குள் அமுங்கிப்போனது. பல வாரம் இதே பாடு.

அப்புறம் ஒரு நாள் ஈபியோடு வந்த குறிப்பைப் படித்தேன். கடைசியில் ஒரே வரி, எலிசபெத் காட்டனுக்கு நன்றி என்று.

அந்தப் பெயரைத் தேடியதில் 1960களில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் கறுப்பு வெள்ளைப் பதிவு ஒன்று கிடைத்தது. வயதான ஒரு அம்மா, அவர்தான் எலிசபெத் காட்டன், அமைதியாக உட்கார்ந்து வாசிக்கிறார். கிட்டார் தலைகீழாக இருக்கிறது! அவர் இடதுகைக்காரர். மற்றவர்கள் வாசிக்கும் கிட்டாரையே, தந்திகளை மாற்றிக் கட்டாமல், அப்படியே திருப்பிப் பிடித்துத் தானாகக் கற்றுக்கொண்டவர். அப்படிப் பிடித்தால் மெல்லிய தந்திகள் மேலே வந்துவிடும், பேஸ் தந்திகள் கீழே போய்விடும். நாமெல்லாம் கட்டை விரலால் பேஸும் மற்ற விரல்களால் மெட்டும் வாசிக்கிறோம். அவரிடம் மெட்டைப் பிடிப்பது கட்டை விரல். அந்தத் தடித்த குரல் எங்கிருந்து வருகிறது என்று அந்த நொடியில் புரிந்தது.

அன்று ராத்திரி முழுக்க என் கிட்டாரையும் திருப்பிப் பிடித்து, ஒரே ஒரு வரியைத் தடவித் தடவி வாசித்துப் பார்த்தேன். பிறகு என் வழக்கமான பிடிக்கே திரும்பி, மெட்டு விரல்களுக்குக் கட்டை விரலின் கனத்தைக் கொடுக்கப் பழகினேன். பாட்டு நடக்க ஆரம்பித்தது.

அவர் கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1893இல் பிறந்தவர். அந்தப் பாட்டைச் சிறுமியாக இருக்கும்போதே உருவாக்கியவர். பிறகு கல்யாணம், தேவாலயம், வேலை என்று பல பத்தாண்டுகள் கிட்டாரையே தொடவில்லை. அதே பீட் சீகரின் குடும்பத்தில் வீட்டு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அங்கே இருந்த கிட்டாரை எடுத்து மறுபடி வாசித்தார். முதல் ஆல்பம் 1958இல், 65 வயதில். கிராமி விருது 1985இல், 92 வயதில். முதல் ஆல்பத்துக்கு முந்தைய வருடம், 1957இல், அதே பாட்டு இங்கிலாந்தில் வேறு குழு பாடிப் பெரிய ஹிட் ஆனபோது, எழுதியவர்கள் என்று இருந்தது வேறு இரண்டு பேரின் பெயர். தன் பெயரைச் சேர்க்க அந்த அம்மா போராட வேண்டியிருந்தது. அதனால்தான் கவர் வெளியிடும் நண்பர்களிடம் எப்போதும் ஒன்றைக் கேட்கிறேன், முதலில் பாடியவர், எழுதியவர் பெயரைப் பார்வையில் படும்படி போடுங்கள். அந்த ஒரு வரி இல்லையென்றால் எனக்கு எலிசபெத் காட்டனே கிடையாது.

1993இல் நிர்வாணா என்ற ராக் குழு 'அன்ப்ளக்ட்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடிய ஒரு பழைய பாட்டைக் கேட்டு, அதை முன்பே பாடிய நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லியைத் தேடிப் போனவர்களும் இங்கே இருப்பீர்கள். அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் தன் கடைசிக் காலத்தில், 2002இல், நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற ராக் குழுவின் 'ஹர்ட்' பாட்டைப் பாடியது இதற்கு நேர் எதிர்த் திசை, ஒரு மூத்தவர் தன்னைவிட வெகு இளையவரின் பாட்டை எடுத்துக்கொண்டது. சொல் ஏறக்குறைய அதேதான், ஆனால் எழுபதை எட்டிய குரலில் அது வேறு ஒருவருடைய வாழ்க்கையாகிவிட்டது. அப்படிப் பாடுவதைத்தான் நான் கவர் என்று மதிக்கிறேன், அச்சு அசலாகப் பாடிக் காட்டுவதை அல்ல.

போன வருடம் அந்த இருவர் குழுவின் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன், முப்பது பேர்கூட இருந்திருக்க மாட்டோம். முடிந்ததும் கிட்டார் வாசித்தவரிடம் போய், அந்த வரிக்காக நன்றி சொல்லிவிட்டு, கிட்டாரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்த கதையையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உறைக்குள் வைத்த கிட்டாரை மறுபடி வெளியே எடுத்து, தலைகீழாகத் திருப்பி, தடுமாறித் தடுமாறி முதல் வரியை வாசித்துக் காட்டினார். நான் ராத்திரியெல்லாம் தடவிய அதே வரி.