காமெடி நடிகருக்குத் தான் காமெடி செய்வது தெரியலாமா?

பின்வரிசை:
நேற்று ஒரு புதுப் படம் பார்த்தேன், பெயர் வேண்டாம். அதில் வரும் காமெடி நடிகர் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் புருவத்தைத் தூக்கி, 'இதோ வருது பார்' என்று முகத்திலேயே தண்டோரா போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். தியேட்டரில் ஒரு ஆள் சிரிக்கவில்லை. என் கட்சி இதுதான்: திரையில் இருக்கிறவனுக்குத் தான் வேடிக்கையாக இருக்கிறோம் என்பது தெரியவே கூடாது. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி எல்லாருக்கும் தெரியும். வாயாலேயே சத்தம் கொடுத்து ஆட்டம் காட்டுவது முழுக்க நாகேஷ்தான், ஆனால் என் கண் பாலையாவை விட்டு நகராது. மகன் ஏதோ கதை சொல்கிறான் என்று கேட்க உட்கார்ந்த மனிதர், கொஞ்சம் கொஞ்சமாக நிஜமாகவே வெலவெலத்துப் போகிறார். சிரிக்க வைக்க அவர் எதுவுமே செய்யவில்லை, பயப்படுகிறார், அவ்வளவுதான்.

சரவெடி:
நல்ல காட்சி, தப்பான முடிவு. பாலையாவை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு நாகேஷை வசதியாக மறந்துவிட்டீர்கள். அந்தக் காட்சியில் நாகேஷ் செய்வது அடக்கமான நடிப்பா? உடம்பு, குரல், கண் எல்லாமே உச்சத்தில் இருக்கிறது. அப்புறம் கவுண்டமணியை என்ன செய்வீர்கள்? அவர் கத்துகிற மாதிரி நிஜ வாழ்க்கையில் யாரும் கத்துவதில்லை. தான் நக்கல் அடிப்பது அவருக்கு நன்றாகவே தெரியும், நமக்காகத்தான் அடிக்கிறார், அதனால்தான் நாம் அவர் பக்கம் சாய்கிறோம். 'நம்பும்படி இருக்க வேண்டும்' என்பது சோக நடிப்புக்கான அளவுகோல். அதைக் கொண்டுவந்து காமெடியை அளந்தால் பாதி நடிகர்களைத் தூக்கி வெளியே போட வேண்டியதுதான்.

மேடைக்காரி:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். கல்லூரி நாட்களில் நாடகம் போட்டிருக்கிறேன். ஒரு நாடகத்தில் நான் பெரிய பொய் ஒன்று சொல்லி மாட்டிக்கொள்ளும் பெண். முதல் நாள் மாட்டிக்கொள்ளும் இடத்தில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் அதே இடம் வருவதற்கு ஒரு நொடி முன்னால், சிரிக்கப் போகிறார்கள் என்ற நினைப்பிலேயே என் உதட்டோரம் லேசாக விரிந்துவிட்டது. ஒரு சத்தம் இல்லை. வசனம் அதே, குரல் அதே. முதல் நாள் நான் மாட்டிக்கொள்ளப் பயந்தேன், இரண்டாம் நாள் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். 'கல்யாண பரிசு' (1959) தங்கவேலுவைப் பாருங்கள். மனைவியிடம் தன்னைப் பெரிய எழுத்தாளர் என்று அளந்துவிடுகிறார், ஆனால் ஒவ்வொரு பொய்க்கும் பின்னால் அடுத்த கேள்வி என்ன வருமோ என்ற உதறல் தெரியும். அந்த உதறல் இல்லையென்றால் அது வெறும் வசனம்.

சரவெடி:
அது மேடை. சினிமாவில் இத்தனை ஆராய்ச்சி தேவையில்லை, டைமிங் இருந்தால் போதும்.

கத்தரி:
டைமிங் டைமிங் என்கிறீர்களே, அது யாருடையது? நான் எடிட்டிங் வேலை செய்கிறவன். மேடையில் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருக்கலாம். சினிமாவில் அவருக்கு எதிரே இருப்பது கேமராதான், எத்தனை நேரம் நிறுத்துவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்கிறோம். நொடிக்கு 24 பிரேம். திட்டு வாங்கியவனின் முகத்தை 6 பிரேம் முன்னால் வெட்டினால், அதாவது கால் நொடி, சிரிப்பு செத்துவிடும். இது பலமுறை நடந்திருக்கிறது. ஆனால் ஒன்று, அந்த முகத்தில் எதுவும் இல்லையென்றால் 60 பிரேம் வைத்தாலும் பயனில்லை. ஹாலிவுட் மௌனப்பட காமெடி நடிகர் பஸ்டர் கீட்டன் 1928இல் ஒரு வீட்டின் முன்சுவர் மொத்தமாகத் தன் மேல் விழ, ஜன்னல் இடைவெளி சரியாகத் தன்னைக் கடந்துபோகும்படி நின்றாரே, அந்தச் சுவர் நிஜமாகவே விழுந்தது. விழுகிற நேரத்தில் வெட்டியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். அதைவிட முக்கியம், சுவர் வருவது தெரிந்த ஆள் மாதிரி அவர் உடம்பு துளிகூட இறுகவில்லை.

பின்வரிசை:
கத்தரி, இதைத்தான் நானும் சொல்கிறேன்! சரவெடி, கவுண்டமணிக்கு வருகிறேன். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சி. இரண்டு பழம் வாங்கி வரச் சொன்னால் ஒன்றோடு வந்து, இன்னொன்று எங்கே என்று கேட்டால் இதுதான் அது என்கிறார் செந்தில். ஏமாற்றுகிற கள்ளச் சிரிப்பு ஒரு இடத்திலாவது எட்டிப் பார்க்கிறதா? தன் கணக்கு சரி என்று மனதார நம்புகிறவனின் முகம் அது. கவுண்டமணி கத்துவது மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எரிச்சல் பொய்யில்லை. ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் எவனுக்கும் அப்படித்தான் மண்டை காயும். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், அப்புறம் பேசலாம்.

சரவெடி:
பார்த்தேன். சரி, செந்தில் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, அந்த முகம் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. ஆனால் ஒலி இல்லாமல் பாதி சிரிப்புதான் வந்தது. மீதிப் பாதி கவுண்டமணியின் குரல் ஏறுகிற விதத்தில் இருக்கிறது, அதில் கணக்குப் போட்டு நம்மைக் குஷிப்படுத்துகிற ஒரு கலைஞன் இருக்கிறான், அதை எரிச்சல் என்று மட்டும் சொல்லி மூட முடியாது. தெரிந்தே செய்கிறார், தெரிந்தே செய்வதும் பிடிக்கிறது.

மேடைக்காரி:
தெரிந்து செய்வது நடிகர். தெரியாமல் மாட்டிக்கொண்டு முழிப்பது பாத்திரம். நீங்கள் இருவரும் இரண்டு வேறு ஆட்களைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்.

சரவெடி:
இருக்கலாம். ஆனால் புருவம் தூக்குகிறவரை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. படம் பெயரைச் சொல்லுங்கள் பின்வரிசை, பார்த்துவிட்டு வந்து மிச்சத்தை வைத்துக்கொள்கிறேன்.